நெல் ஆலைக்கு ஆள் எடுக்கப்போகிறீர்கள்: வன்னிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் கூட்டுறவுச் சங்கப் பணிப்பாளர் சபைகளுக்கும், கமக்காரர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

காலபோக அருவிவெட்டு, அதாவது மாரி நெல் அறுவடை, வருமுன் வெற்றிடங்களை நிரப்பிவிடவேண்டும் என்று சங்கங்கள் அவசரப்படுகின்றன. நெல் ஆலை முகாமையாளர், கொள்வனவு அலுவலர், கிளைப் பொறுப்பாளர் என்று அறிவித்தல்கள் ஒட்டப்படுகின்றன. எதைப் பார்த்தாலும் அதே நாலு வரிதான். உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி, ஐந்து வருட அனுபவம், கணினி அறிவு, சங்க எல்லைக்குள் நிரந்தர வதிவு. வேலைக்கு வருபவர் எந்தெந்த முடிவுகளைத் தானாக எடுக்கவேண்டி வரும், எடுத்த முடிவு சரியா பிழையா என்று எத்தனை மாதம் கழித்துத் தெரியும் என்பது ஒன்றிலும் இல்லை.

கூட்டுறவுப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியே தலை நரைத்தது. நட்டப்பட்ட சங்கங்களில் களவு போனதைவிட, எடுக்கவேண்டிய நேரத்தில் முடிவெடுக்காமல் போனதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. களவு என்றால் எங்காவது ஒரு பற்றுச்சீட்டில் மாட்டும். எடுக்காத முடிவுக்குப் பற்றுச்சீட்டே கிடையாது.

ஒரு சங்கத்தைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். பெயர் சொன்னால் நீங்கள் அந்தச் சங்கத்தைப் பற்றித்தான் கதைப்பீர்கள், உங்கள் சங்கத்தைப் பற்றி யோசிக்க மாட்டீர்கள். அங்கே இருந்த தலைமை எழுதுவினைஞர் தங்கமான மனிதர். பின்னேரம் காசுப் புத்தகத்தை மூடும்போது சதக் கணக்கும் பிசகாது. ஆலை முகாமையாளர் இளைப்பாறியதும், அடுத்த மூப்பு இவர்தானே என்று அந்தக் கதிரையில் இருத்தினார்கள். மாசி மாதம் வந்தது. சுனாமி மெசின் என்று நாங்கள் சொல்லும் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் ஒரு கிராமத்து நெல் இரண்டு மூன்று நாளில் வரம்புக்கு வந்துவிடும். வெளியூர் வியாபாரிகளின் லொறிகள் வரம்படியிலேயே நின்று, பச்சை நெல்லுக்கு ஒரு விலை பேசி, கையில் காசு கொடுத்து ஏற்றின. எங்கள் முகாமையாளர் ஈரப்பதமானியை வைத்துக்கொண்டு ஆலை வாசலில் இருந்தார். 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கக்கூடாது என்ற சுற்றறிக்கை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. ஈர நெல்லைக் கழிவு விலைக்கு வாங்கித் தளத்தில் காயவிடலாமா என்று சபைக்குக் கடிதம் எழுதினார். சபை கூடுவது மாதத்துக்கு ஒரு தடவை. அது கூடித் தீர்மானம் நிறைவேற்றியபோது நெல் பொலநறுவை, மரந்தகஹமுலை என்று தெற்கு அரிசி வியாபார ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆவணிக்குப் பிறகு ஆலை மூடிக் கிடந்தது. எங்கள் எல்லைக்குள் விளைந்த நெல்லின் அரிசியைத் தெற்கிலிருந்து மொத்த விலைக்கு வாங்கி, எங்கள் கிளைக் கடைகளிலேயே விற்றோம்.

அவரில் யாரும் பிழை சொல்ல முடியாது. கணக்காய்வில் ஒரு வினாக்கூட இல்லை. அன்றன்றைக்கு முடிகிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆலை வேலை மார்கழியில் தொடங்கி அடுத்த ஐப்பசியில்தான் முடிகிறது. அந்த நீளத்தைத் தாங்க முடியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே ஆலையின் களஞ்சியத்தில் ஒரு அக்கா வேலை செய்தார். மழை பிந்தி விதைப்புப் பிந்தியதால், எல்லா வயலும் ஒரே கிழமையில் வெட்டுக்கு வரப்போகிறது, காயவிடத் தளம் போதாது, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தை இப்பவே கேட்டு வைக்கவேண்டும் என்று அவர் மார்கழியிலேயே சொல்லியிருக்கிறார். சாக்குக் கட்டு இரண்டு எடுக்கவே மூன்று கையெழுத்து வாங்கவேண்டிய நிலையில் இருந்தவர் அவர். யார் கேட்பது?

ஒரு வேலையின் இந்த நீளத்தை அளக்க ஒரு வழி தேடியவர்களில் எலியட் ஜாக்ஸ் முக்கியமானவர். 1917 இல் கனடாவின் ரொறொன்ரோவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர். நடுவயது நெருக்கடி என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதற்கு 1965 இல் பெயர் வைத்தவரும் அவர்தான். 1948 இலிருந்து லண்டனில் இயந்திரங்களுக்குப் பெயரிங் (தாங்கி) செய்யும் கிளேசியர் மெற்றல் என்ற தொழிற்சாலையில், அதன் முகாமைப் பணிப்பாளர் வில்பிரட் பிரவுணின் துணையோடு நீண்டகாலம் ஆய்வு செய்தார். கீழே இருப்பவருக்கு மணிக்கணக்கில் சம்பளம், அதற்கு மேலே வாரக்கணக்கு, பிறகு மாதக்கணக்கு, உச்சியில் ஆண்டுக்கணக்கு, இது ஏன் என்று தொழிற்சாலையின் தொழிலாளர் பிரதிநிதிகள் கிளப்பிய கேள்வியில்தான் அவருக்குப் பிடி கிடைத்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான். எந்த வேலையிலும் விதிப்படி செய்கிற பகுதி ஒன்று, சொந்தப் புத்தியில் செய்கிற பகுதி ஒன்று இருக்கும். சொந்தப் புத்தியில் செய்யவேண்டிய பணிகளில் ஆக நீளமானது முடிய எவ்வளவு காலம் எடுக்கிறதோ, அதுதான் அந்தப் பதவியின் கனம். கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு காசு புழங்குகிறது என்பதெல்லாம் பிறகுதான். முதற்படி மூன்று மாதம்வரை. அடுத்தது மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம். பிறகு ஒன்றிலிருந்து இரண்டு வருடம், இரண்டிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பத்து. அதற்கு மேலே இருபது, ஐம்பது என்று போகும். அவை பெரிய கம்பனிகளின் கதை, எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் சங்கங்களை இந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். கிளைக் கடைப் பொறுப்பாளரின் நீளமான வேலை, சித்திரை வருடத்துக்குச் சாமான் எடுத்து வைத்து மிச்சமில்லாமல் விற்று முடிப்பது. கொள்வனவு அலுவலரின் வேலை ஒரு போகத்தின் நீளம். ஆலை முகாமையாளரோ அடுத்த போகத்துக்கு எந்த இன நெல்லை விதைக்கச் சொல்லிக் கமக்காரரோடு பேசுவது, எந்த இயந்திரத்தை இந்த வருடம் திருத்துவது, எதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது, புழுங்கல் அவிக்கிற பக்குவத்தை யாருக்குப் பழக்குவது என்று ஒன்றிலிருந்து இரண்டு வருடத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும். பொது முகாமையாளருக்குக் கடனும் கட்டடமும் இருக்கின்றன, ஆகவே ஐந்து வருடம். சபையும் தலைவரும் பத்து வருடம் கழித்து இந்தச் சங்கம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கவேண்டியவர்கள். உண்மையில் நடப்பது என்ன? தலைவர் காலையில் வந்து தேநீர்ச் செலவு வவுச்சரில் கையெழுத்து வைக்கிறார். பத்து வருடத்தைப் பற்றி யோசிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திட்டங்களால் வந்த ஆலைகளும் அரைக்கும் இயந்திரங்களும் எத்தனை இன்று பற்றைக்குள் கிடக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. திட்ட உத்தியோகத்தரின் ஒப்பந்தம் ஒரு வருடம், கூடிப்போனால் மூன்று. இயந்திரத்தின் ஆயுள் பத்து வருடத்துக்கு மேல். அந்தப் பத்து வருடத்தை யார் சுமப்பது என்று திறப்பு விழாவில் யாரும் கேட்கவில்லை.

கமக்காரர் அமைப்புகளுக்கும் இதே கதைதான். வாய்க்காலில் துருசை (மதகை) திறந்து பூட்டுகிறவருக்கு நாள் கணக்கு. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு இந்தக் குளத்து நீரில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், பங்கை எப்படிப் பிரிக்கலாம் என்பது நாலைந்து மாதக் கணக்கு. சம்மேளனத் தலைவர் இருக்கிற கதிரை அதைவிட எவ்வளவோ நீளம். கனகராயன் ஆற்றுப் படுகையில் காடு வெட்டுப்பட்டால் இருபது வருடம் கழித்து இரணைமடுக் குளத்துக்குள் எவ்வளவு மண் வரும் என்பது அவர் கணக்கு. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, குளத்தின் வான் கதவுகளை எப்போது திறந்திருக்கவேண்டும் என்று ஊர் முழுக்க வாதாடினோம். அந்த ஒரு மணிநேரத்தைப் பற்றிய வாதம் அது. அதற்கு முந்திய வருடங்களில் எடுக்கவேண்டியிருந்த முடிவுகளைப் பற்றி ஒருவரும் வாதாடவில்லை. வாய்க்கால் சண்டையில் குரல் உயர்த்தத் தெரிந்தவரைச் சம்மேளனத்துக்கு அனுப்புகிற பழக்கத்தை நாங்கள் இன்னும் விடவில்லை.

அதற்காக எங்கள் கமக்காரருக்கு நீளமாக யோசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, மழை பொய்த்த வருடத்தில் சிறுபோகத்துக்கு என்ன பதில் என்று கேட்டவர்கள் சாறத்தை மடித்துக் கட்டிய மனிதர்கள்தான். பொறியியல் பட்டம் பெற்றவர்களிடம் அதற்குத் திருப்தியான பதில் இருக்கவில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் கூட என்பதற்குள் நான் இறங்கவில்லை. சான்றிதழின் நீளமும் பார்வையின் நீளமும் வேறு வேறு என்று காட்டவே சொன்னேன்.

உச்சியில் இருப்பதாலும் அந்தப் பார்வை வந்துவிடாது. 2019 சனாதிபதித் தேர்தலில் வென்றவரின் வாக்குறுதியில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்று இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதை ஒரே வர்த்தமானியில் முடிக்கப் பார்த்தார்கள். யூரியா இல்லாமல் மஞ்சளடித்த பயிரை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். கார்த்திகையில் தடையை விலக்கினார்கள், ஆனால் அந்தக் காலபோகத்தைத் திருப்பித் தர ஆளில்லை. பத்து வருட வேலையை ஒரு போகத்துக்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வன்னியில் பாடம் நடத்தத் தேவையில்லை.

சரி, ஆளை எப்படித் தெரிவது? இங்கேதான் நேர்முகப் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இப்போது நாங்கள் கேட்கும் கேள்விகள்: அப்பாவின் பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கொள்கைகள் எத்தனை. ஏழு என்று சரியாகச் சொன்னால் ஐந்து புள்ளி. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "மாசி நடுப்பகுதி. விலை விழுந்துகொண்டிருக்கு. களஞ்சியம் பாதி நிரம்பிக் கிடக்கு. வங்கியில கொஞ்சக் காசுதான். என்ன செய்வீங்கள்?"

ஒருவர் சொல்லுவார்: "விலை விழுந்தால் வாங்கக்கூடாது." ஏன் என்று கேட்டால், "நட்டம் வரும்." வேறு காரணம் கேட்டால் இன்னொன்று சொல்லுவார், முதலாவதோடு அதற்குத் தொடர்பிருக்காது. இன்னொருவர் காரணங்களைச் சேர்த்துக் கட்டுவார்: "வெளியூர் லொறி இந்த முறை குறைவு, நெல்லும் ஈரமாக் கிடக்கு, சனத்துக்குக் கடன் கட்டக் காசு வேணும், இதெல்லாத்தையும் வச்சுப் பாத்தால் விலை இன்னும் விழும் போல." மூன்றாமவர் சங்கிலியாக இழுப்பார்: "இப்ப நாங்கள் வாங்காட்டிச் சனம் வியாபாரிக்குக் குடுக்கும். குடுத்தால் அடுத்த போகத்துக்கும் அவனிட்டத்தான் உரத்துக்குக் கடன் எடுக்கும். எடுத்தால் நெல்லும் அவனுக்குத்தான். ரெண்டு வருசத்தில எங்கட ஆலைக்கு நெல்லே வராது. ஆனபடியால் கொஞ்சம் நட்டப்பட்டாலும் உறுப்பினர் நெல்லை இப்ப எடுக்கோணும்." நாலாவது வகை அபூர்வம். அவர் ஆலையை ஒரு பக்கம், விதைநெல் உற்பத்தியை இன்னொரு பக்கம், கிராமிய வங்கியின் கடனை மூன்றாம் பக்கம் என்று ஒரே நேரத்தில் நகர்த்தி, ஒன்றில் விட்டதை மற்றதில் எடுக்கிற வழி சொல்லுவார்.

இந்த நாலு வகைப் பேச்சும் என் கற்பனையில் முளைத்தவை இல்லை. ஜாக்ஸும் அவரோடு வேலை செய்த கத்ரின் கேசனும் மனிதர் வாதாடுகிற முறையைக் கேட்டு இப்படித்தான் வகுத்தார்கள். நெல்லைப் போட்டுக் கதையாக்கியதுதான் என் வேலை. மூன்றாமவரின் விலைக் கணிப்பு பிழைக்கலாம். முதலாமவர் சொன்னது தற்செயலாகச் சரிவரலாம். நீங்கள் கேட்கவேண்டியது விடையை விட, அவர் விடைக்குப் போன பாதையை. முதலாமவரைத் தள்ளிவிடவும் வேண்டாம். தராசடியில் நிற்க, சாக்கு எண்ண, நிறுவையில் ஏமாறாமல் இருக்க அவரைப் போல ஆள் கிடைக்காது. ஆலையைக் கொடுத்தால்தான் அவரும் கெடுவார், ஆலையும் கெடும். மூன்றாமவரைத் தராசடியில் பத்து வருடம் நிற்பாட்டினாலும் இரண்டும் கெடும். அவர் ஒன்றில் குடிப்பார், அல்லது கனடாவுக்குப் போவார், அல்லது சங்கத்துக்குள் அரசியல் செய்வார்.

மூன்றாமவரைக் கண்டுபிடித்தாலும் காரியம் முடியவில்லை. ஆலையின் நீளத்துக்கு ஏற்ற அதிகாரம் அவர் கையில் இல்லாவிட்டால் அவரும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருப்பார். ஒரு மேலாளருக்கு ஆகக் குறைந்தது நாலு அதிகாரம் வேண்டும் என்பது ஜாக்ஸின் கட்சி. தனக்குக் கீழே வருகிற ஆளை வேண்டாம் என்று சொல்ல, எந்த வேலையை யார் செய்வது என்று பிரிக்க, வேலை எப்படி என்று மதிப்பிட, சரிவராதவரைத் தன் பிரிவிலிருந்து விலக்கும்படி கேட்க. எங்கள் சங்கங்களில் முதலாவதே கிடையாது. உபதலைவரின் மருமகன் ஒரு திங்கட்கிழமை காலை நியமனக் கடிதத்தோடு ஆலை வாசலில் வந்து நிற்பார். முகாமையாளருக்கு அன்றுதான் தெரியும். பிறகு ஆலை நட்டம் என்று அதே முகாமையாளரிடம் விளக்கம் கோருவோம். கொள்வனவு விலையில் இவ்வளவு எல்லைக்குள் நீயே தீர்மானி, போகம் முடியக் கணக்குக் கேட்போம் என்று சபை ஒரு தீர்மானம் எடுத்தால், அந்தச் சங்கத்தின் நெல் லொறியில் ஏறாது.

ஜாக்ஸ் சொன்னதை எல்லாம் விழுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு ஆளின் ஆற்றல் வயதோடு எந்த வேகத்தில் வளரும் என்று முன்கூட்டியே கோடு கீறிவிடலாம் என்றும் அவர் சொன்னார். அதை வன்னிக்குக் கொண்டுவரவேண்டாம். இடம்பெயர்ந்த மரத்தடியில் படித்து, மெனிக்பாம் அகதி முகாமின் கூடாரத்தில் பரீட்சை எழுதிய பிள்ளையின் கோட்டை எங்கே கீறுவது? அதுவும் எங்கள் ஊரில், இன்னார் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும் என்று பிறப்பைப் பார்த்துக் கோடு கீறப் பழகிய வாய்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கையில் ஒரு வெள்ளைக்காரக் கோட்பாட்டையும் கொடுத்தால் போதும், வேறு வினை வேண்டாம். பதவியின் நீளத்தைத்தான் முதலில் அளக்கவேண்டும். ஆளைப் பற்றிச் சொல்வதானால், இன்றைக்கு இந்த வேலைக்குப் பொருத்தமா என்பதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பார்ப்பவரும் நேரடி மேலாளராக இருக்கக்கூடாது, அவருக்கு மேலே உள்ளவராக இருக்கவேண்டும். இது ஜாக்ஸ் சொன்னதில் எனக்கு ஆகவும் பிடித்தது. தன் கதிரைக்கு ஆபத்து என்று நினைக்கிறவர் தனக்குக் கீழே உள்ள கெட்டிக்காரரைப் பற்றி நல்ல அறிக்கை எழுதுவது அருமை.

வன்னியில் ஆள் இல்லை என்று சபைகளில் அடிக்கடி கேட்கிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் காட்டினால் அடுத்த தொகை, லின்ரல் மட்டம் காட்டினால் அதற்கடுத்தது. சீமெந்து விலை ஏறுமுன் வாங்குவதா, மேசனுக்கு முற்பணம் கொடுப்பதா, மாரி தொடங்கமுன் கூரை போடக் காசு பிடிக்குமா, பிடிக்காவிட்டால் தாலிக்கொடியை அடகு வைப்பதா, எப்போது மீட்பது. கணவனை இழந்த பெண்கள் எத்தனையோ பேர் இதையெல்லாம் தனியாக நின்று, பிள்ளைகளையும் படிப்பித்துக்கொண்டு முடித்தார்கள். மேலே யாரும் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீண்ட, காசும் காலமும் குழம்பிய ஒரு வேலையைச் சொந்தப் புத்தியில் முடித்த அத்தாட்சி, அவர்கள் இருக்கிற வீட்டுச் சுவரில் இருக்கிறது. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஒரு கோடுகூட இல்லை. அவர்களை மாதர் சங்கத்தில் பொருளாளராக்கிவிட்டுத் திருப்திப்படுகிறோம்.

மறுபக்கம் 2020 இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாக எடுக்கும் திட்டம் வந்தது. எங்கள் பிரதேச செயலகங்களுக்கும் வந்தார்கள். பல இடங்களில் கதிரைகூடப் போதவில்லை. நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைக்கு ஒரு நாள் நீளமான வேலைகூட இல்லை, கையொப்பப் புத்தகம் மட்டும்தான். ஆட்களை வீணாக்குவதில் நாங்கள் இரண்டு முனையிலும் கெட்டிக்காரர்.

ஆட்சேர்ப்பு விதிகள் மேலிருந்து வருபவை, எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்வீர்கள். கல்வித் தகைமையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பது, உள்ளே வந்தவருக்கு எவ்வளவு எல்லை கொடுப்பது, ஒரு போகம் பதில் கடமையில் வைத்துப் பார்ப்பதா என்பதெல்லாம் இன்றும் உங்கள் கையில்தான். அடுத்த பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் வவுச்சர்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஆலை முகாமையாளர், கொள்வனவு அலுவலர், பொது முகாமையாளர் மூவரினதும் ஆக நீளமான வேலை எது, அது எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சபைக்குள் சண்டை வரும், வரட்டும். எழுதிய தாளைப் பொதுச்சபையில் வாசித்துக் காட்டுங்கள், கமக்காரர் திருத்துவார்கள். களஞ்சியத்திலும் தராசடியிலும் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களையும் அந்தப் பதவிகளுக்கு விண்ணப்பிக்க விடுங்கள். மாசிக்கு முன்னர் விலை எல்லைத் தீர்மானத்தை நிறைவேற்றி, அதன் பிரதியை ஆலைச் சுவரில் ஒட்டுங்கள். எந்தச் சபையாவது அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் சொல்லி அனுப்புங்கள், சைக்கிளில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்,
வட்டக்கச்சி.